தம்பி காட்டியது 45 ஹெச்.பி... அக்காவின் காலுக்கு எட்டியது 24!

பொள்ளாச்சியில் உள்ள அந்த டிராக்டர் ஷோரூமுக்கு அவர்கள் மூன்று பேராகப் போனார்கள். அம்மா, அம்மாவின் தம்பி, கோவையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகள். விற்பனையாளர் அரை மணி நேரம் பேசினார். மைலேஜ், கியர், வாரன்ட்டி, தவணை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாவற்றையும் தம்பியைப் பார்த்தே சொன்னார். நிலம் யார் பேரில் இருக்கிறது, வண்டியை ஓட்டப் போவது யார் என்று அவர் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

கிளம்பும் நேரத்தில் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, நான் கொஞ்சம் ஏறி உக்காந்து பார்க்கலாமுங்களா?"

விற்பனையாளர் சிரித்துவிட்டார். கிண்டலாக அல்ல, போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "தாராளமா ஏறுங்கம்மா" என்று மகளின் போனை வாங்கிப் படம் எடுக்கத் தயாரானார்.

அது 45 ஹெச்.பி வண்டி. அம்மாவின் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. படி ஏற மகள் கை கொடுக்க வேண்டியிருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கிளட்ச்சில் கால்விரல் மட்டும்தான் பட்டது. முழுசாக மிதிக்க வேண்டுமென்றால் சீட்டை விட்டு எழுந்து முன்னால் நகர வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தார். வரும் வழியில் காரில் தம்பி மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஆனைமலைப் பக்கம் அவர்களுக்கு நாலு ஏக்கர் தோப்பு. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 280 தென்னை. ரெண்டு ஏக்கரில் நாலு தென்னைக்கு நடுவே ஒன்று என்று ஜாதிக்காய் வைத்திருந்தார் அம்மாவின் கணவர். 2023-ல் ஐப்பசி மழையின்போது நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதுவரை தோப்பு வேலை முழுக்க அவருடையது. அம்மாவுக்குத் தெரிந்தது தண்ணீர் திருப்புவதும், வேலை ஆட்களுக்கு டீ கொண்டு போவதும், காய் வெட்டு அன்றைக்கு எண்ணிக்கை எழுதுவதும்தான். இத்தனைக்கும் அந்த நிலம் அம்மாவின் அப்பா கொடுத்தது. பட்டா அம்மாவின் பேரில்தான்.

ஆறே மாதத்தில் தோப்பு கண் முன்னால் மாறிப்போனது. பார்த்தீனியம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கோரை சொட்டுநீர்க் குழாயை மூடிக்கொண்டது. மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழும் என்று வைத்தாலும், 280 மரத்துக்கு மாதம் 280 மட்டை. விழுந்த மட்டை புல்லுக்குள் மறைந்துவிடும். உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று தெரியாமல் கால் வைக்க முடியாது. காய் பொறுக்க வரும் பெண்கள், "அக்கா, மொதல்ல களை எடுங்க, பாம்பு கெடக்கும்" என்று வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

வாடகை டிராக்டருக்குச் சொன்னால், "நாளைக்கு வர்றேனுங்க" என்ற பதில் மூன்று வாரம் ஓடியது. கடைசியில் வந்தவர், மழை பெய்து ஈரம் காயாத நாளில் வந்தார். ஐந்தடிக்கும் மேலான பெரிய ரோட்டவேட்டரை மரத்தின் தூர் வரைக்கும் விட்டு உழுது தள்ளினார். சொட்டுநீர்க் குழாய் பதினோரு இடத்தில் அறுந்தது. ஒரு வாரம் கழித்து மண் காய்ந்தபோது சிமென்ட் தரை மாதிரி இறுகியிருந்தது. தூருக்குப் பக்கத்தில் அறுந்த வேர்கள் சிவப்பாகத் துருத்திக்கொண்டு நின்றன.

இந்த இடத்தில் தென்னை வேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. எல்லாம் சல்லி வேர். உரம் எடுக்கிற வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள்தான் இருக்கும். அதனால்தான் உரம் வைக்கும் வட்டப்பாத்தியையும் அந்த அளவுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டர் விடுவது, சாப்பிட உட்கார்ந்தவன் கையைப் பிடித்து இழுப்பது மாதிரிதான். கோரைக்கோ இது கொண்டாட்டம். அதன் கிழங்கை ரோட்டவேட்டர் நறுக்கித் தோப்பு முழுக்கப் பரப்பிவிடும். உழுத பத்தாம் நாள், முன்பைவிடக் கூடுதலாகப் பச்சை தெரிந்தது.

'சொந்தமாக ஒரு வண்டி' என்ற யோசனை அம்மாவுக்கு அன்றைக்குத்தான் வந்தது.

தம்பிக்கும் யோசனை பிடித்திருந்தது. ஆனால் அவர் கணக்கு வேறு. "45 ஹெச்.பி எடுத்துருவோம்க்கா. நம்ம வேலை போக வாடகைக்கு விட்டா வண்டியே தவணையைக் கட்டிக்கும். டிரைவர் ஒருத்தரப் போட்டுக்கலாம்." தப்பான யோசனை இல்லை. அந்தப் பக்கம் அப்படிப் பிழைக்கிறவர்கள் நிறைய. ஆனால் டிரைவருக்காகக் காத்திருந்த அலுப்பில் வண்டி வாங்கக் கிளம்பியவர், மறுபடியும் ஒரு டிரைவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அம்மா அதைத் தம்பியிடம் கேட்கவில்லை. இரவு மகளிடம் மட்டும் சொன்னார். "கண்ணு, நானே ஓட்டறேனே..."

மகள் போனில் வீடியோக்களாகத் தேட ஆரம்பித்தாள். அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள், குட்டி டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் பெரிய தட்டு மாதிரி புல்வெட்டியை மாட்டிக்கொண்டு, காபி குடித்தபடியே வெட்டுகிறார்கள். வண்டி போன தடம் கம்பளம் விரித்தது மாதிரி இருக்கிறது. "இதான்ம்மா நமக்கு வேணும்" என்று ரெண்டு ஷோரூமில் காட்டினாள். இரண்டிலும் அந்தத் தட்டு இல்லை.

காரணத்தைச் சொன்னது, ஆனைமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அம்மாவின் கணவருக்குப் பழக்கமானவர். வீடியோவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அது மட்டமான புல்தரைக்கு அம்மிணி. நம்ம தோப்புல உரிமட்டை, பாளை, குரும்பை, கல்லு எல்லாம் கெடக்கும். வயித்துக்கடியில தாழ்வாத் தொங்கற தட்டு ரெண்டே நாள்ல நெளிஞ்சு போகும். உங்களுக்கு வேணுங்கறது பின்னாடி மாட்டற ஸ்லாஷர்."

ஸ்லாஷரில் கத்தி விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்காது, ஆடும்படி மாட்டியிருப்பார்கள். கல்லிலோ மட்டையிலோ பட்டால் கத்தி பின்னால் மடங்கிக்கொள்ளும். அதையும் மீறி எதிலாவது சிக்கினால், தண்டில் இருக்கும் சின்ன போல்ட் ஒன்று முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். குறைகளும் உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் மிதித்துச் சாய்த்த பிறகுதான் புல்லைக் கத்தி தொடும் என்பதால், சக்கரத் தடத்தில் கொஞ்சம் புல் தப்பிக்கும். மட்டையின் அடிப்பகுதியை அது ஒழுங்காக நறுக்காது. அதற்கு மல்ச்சர் வேண்டும், அதன் விலை வேறு. மட்டையை முதலில் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்லாஷர் ஓட்ட வேண்டும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "ஹெச்.பி-யை அப்புறம் பேசலாம். மொதல்ல போயி சந்தை அளந்துட்டு வாங்க."

மறுநாள் அம்மாவும் மகளும் டேப் பிடித்து அளந்தார்கள். தென்னை வரிசைக்கும் ஜாதிக்காய் வரிசைக்கும் நடுவே பன்னிரண்டரை அடி. ஜாதிக்காய்க் கிளை மூன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தென்னையின் தூர் தடிமனும், அதையொட்டி ஓடும் சொட்டுநீர்க் குழாயும் போக, தாராளமாக மிஞ்சியது ஏழடிதான். ஆறடி அகல வண்டி அதில் நுழையும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கிளையை முறிக்கும். தோப்பின் கிழக்குக் கோடியில் வேலிக்கும் கடைசி மரத்துக்கும் நடுவே பத்தடி. வண்டி திரும்ப வேண்டிய இடம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.

இந்த அளவுகள் கைக்கு வந்ததும் முடிவு பாதி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. அகலம் நாலடிக்குள், எடை முக்கால் டன் பக்கம், நாலு சக்கரமும் இழுக்கும் 4 வீல் டிரைவ், 20-லிருந்து 25 ஹெச்.பி, பின்னால் நாலடி ஸ்லாஷர். 45 ஹெச்.பி வண்டி ரெண்டு டன் பக்கம் இருக்கும். நிழல் விழுந்து ஈரம் காயாத மண்ணில் அந்த எடை ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

ஹெச்.பி விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது என்ஜினின் சக்தி. ஸ்லாஷரைச் சுற்றுவது பி.டி.ஓ தண்டு. அங்கே வந்து சேரும் சக்தி அதைவிடக் குறைவு. 24 ஹெச்.பி என்று வாங்கிவிட்டு ஐந்தடி ஸ்லாஷர் மாட்டினால், ஆளுயரப் புல்லில் என்ஜின் திணறும். வண்டி வாங்கும் முன் கேட்க வேண்டியது, 'பி.டி.ஓ-வில் எவ்வளவு?'

அப்புறம் மகள் எக்செல்லைத் திறந்தாள். வாடகை டிராக்டர் ஒரு முறைக்கு 5 மணி நேரம், மணிக்கு 1,200 ரூபாய், ஆண்டுக்கு நாலு முறை: 24,000. பிரஷ் கட்டர் ஆட்கள் ஒரு சுற்றுக்கு எட்டு ஆள், ஆளுக்கு 1,200, ஆண்டுக்கு மூன்று சுற்று: 28,800. ஆக மொத்தம் 52,800. சொந்த வண்டி என்றால் டீசல் 8,400, சர்வீஸும் இன்ஷூரன்ஸும் சேர்த்து 10,000. தூரைச் சுற்றி வெட்ட அப்போதும் பிரஷ் கட்டர் ஆள் வேண்டும், அதற்கு 7,200. எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 27,200 மிச்சம். புது வண்டியும் ஸ்லாஷரும் சேர்த்து 6 லட்சத்தைத் தாண்டுகிறது.

"அம்மா, போட்ட காசு திரும்ப 22 வருஷம் ஆகும்" என்றாள் மகள். "கட்டுபடியாகாதும்மா."

அவள் கணக்கில் தப்பில்லை. நாலு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் என்பது, காசை மட்டும் பார்த்தால் நியாயப்படுத்த முடியாத செலவு. இதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். ஒரு நல்ல பிரஷ் கட்டரும், பவர் வீடரும், நம்பிக்கையான வாடகைக்காரரும் கிடைத்தால் அதுதான் சிக்கனம். அந்த மூன்றாவதுதான் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மானியமும் பார்த்தார்கள். வேளாண் பொறியியல் துறை மூலம் கருவிகளுக்கு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விகிதம் கூடுதல், அதற்கு உச்சவரம்பும் இருக்கிறது. உழவன் செயலியில் பதிந்து, தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி, ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்க முடியாது. மகள் பதிந்து வைத்தாள். புல் காத்திருக்கவில்லை.

இதற்கு நடுவே கொழுந்தனார் வந்து, "குத்தகைக்கு விட்றலாமுங்க அண்ணி, எதுக்கு இந்த வயசுல சிரமம்?" என்றார். அக்கறையில் சொன்னதுதான். அவர் போனதும் மகளும் அதையே வேறு வார்த்தையில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டார். "உங்கப்பா புல்லட் வாங்குனாரே, எத்தன வருசத்துல காசு திரும்பும்னு எழுதிப் பார்த்தா வாங்குனாரு?"

மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள். ஆனால் அந்தக் கணக்கு வீண் போகவில்லை. புதுசு வேண்டாம், பழசு பார்க்கலாம் என்று முடிவானது அதனால்தான்.

பழைய வண்டி பார்க்கப் பட்டறைப் பெரியவரே கூட வந்தார். முதல் வண்டியில் மீட்டர் 600 மணி நேரம் காட்டியது. பெரியவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார். கோடெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "அறுநூறு மணிக்கு இது தேயாது. வாங்க போலாம்" என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாவது வண்டி உடுமலைப் பக்கம். காய்கறித் தோட்டத்தில் ஓடிய 24 ஹெச்.பி, 4 வீல் டிரைவ். மீட்டரில் 1,140 மணி. போனவுடன் பெரியவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்பதே தெரியாமல் போய்விடும் என்றார். ஒரே திருகில் பிடித்தது. நீலப் புகை இல்லை. பின்னால் ஒரு கருவியை மாட்டித் தூக்கி, என்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லோரும் டீ குடித்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கருவி தொங்கிய இடத்திலேயே தொங்கியது. ஹைட்ராலிக் கசிந்திருந்தால் தரைக்கு வந்திருக்கும்.

"நீங்க ஏறிப் பாருங்க அம்மிணி" என்றார் பெரியவர். யாரும் போனை எடுக்கவில்லை.

அம்மா தானாகவே ஏறினார். கிளட்ச் தரை வரை போனது. பிரேக் பெடல் இரண்டாக இருந்தது. சந்தில் திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கச் சக்கரத்தை மட்டும் பிடிக்க அது. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். அதைப் பெரியவர் மூன்று முறை சொன்னார்.

வண்டிக்காரர் 3 லட்சத்து 20 ஆயிரம் சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்து, புது வண்டி விலையே இறங்கியிருந்த நேரம். மகள் அதைச் சொல்லிப் பேசியதில் 3 லட்சத்துக்கு வந்தார். ஆர்.சி-யில் வங்கிக் கடன் பதிவு இருந்தது. கடன் முடிந்த சான்றும், படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்லாஷர் மட்டும் புதிது, 65,000. காசு திரும்ப 13 வருஷம். மகள் இதைச் சொல்லவில்லை.

தம்பிக்கு வருத்தம்தான். வண்டி வந்த அன்று பார்த்துவிட்டு, "பொம்மை மாதிரி இருக்குது" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. காபி கொடுத்தார்.

ஓட்டுவதற்கு முன் லைசென்ஸ். அம்மாவிடம் ஸ்கூட்டி லைசென்ஸ்தான் இருந்தது. தோப்பின் ஒரு பகுதிக்கு ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். டிராக்டருக்கும் கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமம் வேண்டும் என்பதால், 52 வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள். "ஆன்ட்டி, என்ன கார் வாங்கப் போறீங்க?" என்று ஒருவன் கேட்டதற்கு, "டிராக்டர் சாமி" என்றார். அவன் நம்பவில்லை. எல்.எல்.ஆர் வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட். முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸில் தடுமாறித் தோற்று, இரண்டாவதில் தேறினார்.

பட்டறைப் பெரியவர் பாடம் வேறு மாதிரி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. மூடி கழன்ற பி.டி.ஓ தண்டில் சட்டை சிக்கிய அடையாளம். பி.டி.ஓ நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது விநாடிக்கு ஒன்பது. 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் துணியோடு ஆளை இழுத்துவிடும். தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பி.டி.ஓ-வை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்ட பிறகே பின்பக்கம் போக வேண்டும். ஸ்லாஷர் ஓடும்போது பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும். "சேலை கட்டீட்டு இதுல ஏறவே கூடாதுங்க அம்மிணி. துண்டும் ஆகாது."

தை பிறந்து நாலாம் நாள் காலை, அம்மா தோப்புக்கு வந்தபோது மகளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. மகளின் பழைய சுடிதார் பேன்ட். அதன் மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டு, உள்ளே செருகியது. தலையில் அவருடைய புல்லட் ஹெல்மெட். தென்னைக்கு அடியில் மேல்கூரை இல்லாத வண்டி ஓட்டினால் தேங்காயோ மட்டையோ எப்போது தலையில் விழும் என்று சொல்ல முடியாதல்லவா? அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே யோசித்து எடுத்து வந்தது.

முதல் வரிசை கோணலாகப் போனது. இரண்டாவது பரவாயில்லை. கிழக்குக் கோடியில், வேலிக்கு முன்னால் இருந்த அந்தப் பத்தடியில் வண்டியைத் திருப்ப மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்தார். புல்லை ஒட்ட வெட்டாமல் நாலு விரல் உயரம் விட்டார். மண் மூடியிருந்தால் ஈரம் நிற்கும் என்பதால். பார்த்தீனியம் பூக்கும் முன்னால் வெட்ட வேண்டும், பூத்த பிறகு வெட்டினால் விதைத்துவிட்ட மாதிரி என்று மகள் படித்துச் சொன்னதற்கு, "அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஏழாவது வரிசையில் டப்பென்று ஒரு சத்தம். வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தார். சொட்டுநீர்க் குழாய் அறுந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வாடகை டிரைவரைத் திட்டிய அதே வாயால் தன்னையும் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டார். வரப்பில் நின்றிருந்த தம்பி கேட்வால்வை மூட ஓடினார்.

இப்போதெல்லாம் அந்தச் சட்டைப் பையில் சாவியோடு நாலு 16 எம்.எம் ஜாயினரும் கிடக்கின்றன. முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "ஒரு ஏக்கர் ஜாதிக்கா இருக்குதுங்க அக்கா, உங்க குட்டி வண்டியை வாடகைக்கு விடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மணிக்கு எவ்வளவு சொல்லலாம் என்று அம்மா தம்பிக்குத்தான் போன் போட்டார்.